இன்னிக்கு ஆப்பிள் ஜூஸ் யாரு?

உங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரின் மச்சினன் ஜெர்மனியில் இருக்கிறானா? இருப்பான். தஞ்சாவூர்ப் பக்கம் இப்போது தெருவுக்கு ஒருத்தன் அங்கே இருக்கிறான். அவன் அனுப்புகிற போட்டோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கார் மேல் சாய்ந்து நிற்பான்; பின்னால் பனி மலை. இன்னொன்றில் ஏழெட்டுப் பேர் தோள் மேல் கை போட்டுக்கொண்டு, மேஜை நிறையக் கோப்பைகளோடு சிரிப்பார்கள். பக்கத்து சீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு, "அனுபவிக்கிறான் சார்!" என்பார். நீங்களும் உங்கள் பங்குக்கு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, டி.ஏ. அரியர் எப்போது வரும் என்று யோசிக்கப் போய்விடுவீர்கள்.

அந்த மாதிரி போட்டோக்கள் சிலவற்றில் நானும் இருக்கிறேன். ஓரமாக, கையில் தட்டோடு.

2021 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை ஸ்டுட்கார்ட் பக்கத்தில் குடியிருந்தேன். சம்பாதிக்கப் போனது நானில்லை, என் மனைவி. கார்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறாள். நான் தஞ்சாவூர் சரபோஜி காலேஜில் பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருப்பவன். விசாவில் என் உத்தியோகம், 'குடும்ப உறுப்பினர்'. மாமனார் இதை யாரிடமும் சொல்வதில்லை.

முதல் மூன்று மாதம் எல்லாரையும் போல நானும் தொண்ணூறாம் வாய்ப்பாடு படித்தேன். காபி மூன்றரை யூரோ. இன்ட்டு தொண்ணூறு, முந்நூற்றுப் பதினைந்து ரூபாய். கும்பகோணத்தில் பத்து நாள் டிகிரி காபி! குடித்த காபி நெஞ்சிலேயே நின்றது. சம்பளக் கணக்கும் அப்படித்தான். மாதம் ஐயாயிரம் யூரோ என்றால் இங்கே நாலரை லட்சம் என்று அப்போது சப்புக் கொட்டினோம். தனி ஆளாக இருந்தால் வரி, பென்ஷன், இன்ஷூரன்ஸ் என்று பிடித்தது போகக் கைக்கு வருவது மூவாயிரத்துச் சொச்சம். அதில் வாடகைக்கு ஆயிரம் போய்விடும். கிராஸ், நெட் வித்தியாசம் எனக்கு பி.காம். வகுப்பில் புரியவில்லை, ஸ்டுட்கார்ட்டில் ஒரே மாதத்தில் புரிந்தது.

லீவு மட்டும் தாராளம். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி வருஷத்துக்கு 20 நாள். நிறைய கம்பெனிகளில் 30 நாள். எடுக்காமல் வைத்திருந்தால் மேனேஜர் கூப்பிட்டு, ஏன் எடுக்கவில்லை என்று விசாரிக்கிறார். (இதைப் படித்துவிட்டு உங்கள் மேனேஜரிடம் போய் நிற்காதீர்கள்.)

எங்கள் கோஷ்டியில் யாருக்கும் பெயர் கிடையாது. ஊர்தான் பெயர். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம், சீர்காழி. எனக்குத் 'தஞ்சாவூர்' என்று வைத்தார்கள். நான் என் மனைவி சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு, இரண்டாவது மாதமே அது 'பொம்மை' ஆகிவிட்டது. இவர்கள் தவிர, தமிழ்க் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை. அறுபது தாண்டியவர். 1985-ல் கிழக்கு பெர்லின் வழியாக அகதியாக வந்து சேர்ந்தவர். பொன்னி அரிசியும் முருங்கைக்காயும் அவர் உபயம். அவர் கடையில் கறிவேப்பிலை வாங்கப் போய்த்தான் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடித்தோம்.

அந்த ஊரின் அமைதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி பாட்டிலைத் தெருத் தொட்டியில் போடக் கூடாது, 'டங்'கென்று சத்தம் கேட்கும். கடைகள் மூடியிருக்கும். நவம்பர் மாதம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். கல்யாண மண்டப ஸ்பீக்கரும் டவுன் பஸ் ஹாரனும் கேட்டு வளர்ந்த காதுக்கு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த அமைதியில் இருந்தால் காதுக்குள்ளேயே ஏதோ இரைய ஆரம்பிக்கும். மன்னார்குடி தனிக்கட்டை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆபீஸில் 'குட்நைட்' சொன்ன பிறகு, திங்கட்கிழமை காலை 'குட்மார்னிங்' சொல்லும்வரை வாயைத் திறக்காத வாரங்கள் உண்டு என்பான். அவன் ஃப்ளாட்டில்தான் எங்கள் பார்ட்டிகள் நடந்ததற்கு அதுதான் காரணம்.

ஜெர்மன்காரர்கள் பார்ட்டி வேறு ரகம். இரண்டு மாதம் முன்னாலேயே அழைப்பு வரும். ஏழு மணி என்றால் ஏழு மணி. பிறந்தநாள்காரர்தான் செலவு செய்ய வேண்டும். ஆபீஸுக்குக் கேக்கும் அவரே கொண்டுவர வேண்டும். ஒரு நாள் முன்னதாக வாழ்த்துச் சொல்லிவிட்டால் அபசகுனம். கோப்பையைத் தூக்கி 'ப்ரோஸ்ட்' சொல்லும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஏழு வருடம் கட்டில் சுகம் சரிப்படாது என்பது ஐதீகம். நான் ஒரு பார்ட்டியில் பதினாறு பேர் கண்ணையும் தேடித் தேடிப் பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

அப்படி ஒரு பார்ட்டியில் என் மனைவியின் சக ஊழியர், "தஞ்சாவூரா? அவ்வளவு தூரத்திலிருந்தா வந்தீர்கள்?" என்று கேட்டார். "முதலில் வந்தது நீங்கள்தான்" என்றேன். 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியதைச் சொன்னேன். அவர் 1714-ல் ஊருக்குப் போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிக்கொண்டு போனார். கப்பலில் மலையப்பன் துணையோடு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலே நகரில் லத்தீனில் அச்சானது. பக்கத்து சீட்டுக்காரரின் மச்சினனுக்கெல்லாம் முன்னோடி அந்த மலையப்பன்தான்.

இன்னொரு ஜெர்மன்காரர் ஸ்வார்ட்ஸ். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. 1798-ல் தஞ்சாவூரிலேயே இறந்தார். துளஜா மன்னர் 1787-ல் சாகும் முன் தத்துப்பிள்ளை சரபோஜியை இவர் பொறுப்பில்தான் விட்டார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள சர்ச்சில் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மேனிடம் சொல்லிச் செய்தது. மரணப் படுக்கையில் ஸ்வார்ட்ஸ். பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. சுற்றிலும் மந்திரிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். நான் இதைச் சொல்லி முடித்ததும் அந்த ஜெர்மன்காரர், "48 வருடமா? பென்ஷன் எந்த நாட்டில் வாங்கினார்?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவர்கள் அப்படித்தான்.

எங்கள் பார்ட்டி இப்படி இருக்காது. ஏழு மணி என்றால் எட்டரை. யார் என்ன சமைப்பது என்று எக்ஸெல்லில் பட்டியல் போடுவது என் வேலை. பட்டுக்கோட்டை இரண்டாவது கோப்பையில் ஆட ஆரம்பித்து, நாலாவதில் அழ ஆரம்பிப்பான். வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் 0.5 புரோமில்லுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அபராதம், லைசென்ஸுக்கும் ஆபத்து. அதனால் ஒவ்வொரு பார்ட்டியிலும் ஒருத்தனுக்கு ஆப்பிள் ஜூஸ் தண்டனை. அவன் எல்லாரையும் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். கதவைத் திறந்ததும் முதல் கேள்வியே, "இன்னிக்கு ஆப்பிள் ஜூஸ் யாரு?" என்பதுதான். எனக்கு அந்தப் பதவி கிடைத்ததில்லை. குடியேறி ஆறு மாதத்துக்கு மேல் இந்திய லைசென்ஸ் அங்கே செல்லாது. மறுபடி எழுத்துப் பரீட்சை, ஓட்டும் பரீட்சை. செலவைக் கேட்டதும் பின் சீட்டே போதும் என்று விட்டுவிட்டேன்.

பத்து மணி ஆனால் கீழ் வீட்டுப் பாட்டி காலிங் பெல்லை அடிப்பார். எழுபத்தைந்து வயதிருக்கும். வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மன்னார்குடிக்கும் அவருக்கும் இன்னொரு வழக்கும் உண்டு. அந்தச் சீமையில் அபார்ட்மெண்ட் மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது குடியிருப்பவர்களின் முறை. 'கேர்வோஹெ' என்பார்கள். நம்மூரில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிறார்களே, அது மாதிரி. முறை வந்த வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கும். மன்னார்குடி துடைத்த படியைப் பாட்டி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அவன் கண்ணெதிரே மறுபடி துடைப்பார். "எங்கம்மா கூட இப்படிப் பண்ணினதில்லடா" என்பான்.

லீவு நாளில் கார்ப் பயணம். ஆட்டோபானில் கார்களுக்குச் சுங்கமில்லை. பாதிக்கு மேற்பட்ட சாலையில் வேகத்துக்கு உச்சவரம்பும் இல்லை. 130 என்பது சிபாரிசுதான். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் சாலை வேலை வருஷக்கணக்கில் இழுத்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஜாதி நாங்கள். பட்டுக்கோட்டை 180-ல் போவான். அதற்கும் பின்னால் வந்து விளக்கடிப்பார்கள். ஆனால் ஒழுங்கு! இடது பக்கம்தான் முந்த வேண்டும். நெரிசலில் வண்டிகள் நின்றால், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னாலேயே எல்லாரும் ஒதுங்கி நடுவில் வழி விட்டு வைப்பார்கள். வழியில் பெட்ரோல் தீர்ந்து நின்றால் அதற்கும் அபராதம். நாங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்த பார்க்கிங் எல்லாம், நல்லெண்ணெய் வாசனை போக ஒரு வாரம் ஆகியிருக்கும்.

ஒருமுறை ரைன் அருவிக்குப் போனோம். சுவிட்சர்லாந்து எல்லைக்குள், ஷாஃப்ஹவுஸனில். 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, கும்பகோணம் மட்டும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது எத்தனை நாட்டுல ஓடுது?" என்றான். ஆறு நாடு என்றேன். "ஆறு நாட்டுக்கும் சேர்த்து ஒரு டிரிப்யூனல் கூடவா இல்லே?" என்றான். ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று கேட்டே வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கும் போனோம். ஈழத்தமிழர்கள் கட்டி 2002-ல் குடமுழுக்கு செய்த கோயில். தொழிற்பேட்டை நடுவே கோபுரம் நிற்கிறது. திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். தீர்த்தம் ஆடுவது பக்கத்துச் சரக்குக் கப்பல் கால்வாயில். அண்ணை கால்வாயில் இறங்கி மூன்று முறை முங்கினார். எழுந்து, "தண்ணிதானே தம்பி, எல்லா இடமும் ஒண்டுதான்" என்றார். பற்கள் குளிரில் அடித்துக்கொண்டிருந்தன.

இதற்கெல்லாம் எடுத்த போட்டோக்கள்தான் உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் பார்ப்பது. எடுக்காத போட்டோ ஒன்று இருக்கிறது.

2024 பொங்கல் திங்கட்கிழமை வந்தது. வேலை நாள் என்பதால் சனிக்கிழமையே, 13-ம் தேதி, மன்னார்குடி வீட்டில் பொங்கல் பார்ட்டி. அந்த வாரம் ஜெர்மனியே அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. ரயில் டிரைவர்கள் ஸ்டிரைக் வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் முடிந்தது. டீசல் மானியத்தைக் குறைக்கிறார்கள் என்று விவசாயிகள் டிராக்டர்களைக் கொண்டுவந்து சாலைகளை மறித்திருந்தார்கள். மன்னார்குடியின் அப்பா டி.வி.யில் அதைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை போனில், "அங்கேயும் விவசாயி ரோட்டுக்கு வந்துட்டானாடா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம். அவருக்கு ஐந்து ஏக்கர். சம்பா அறுப்புக்கு நின்றது.

பத்து மணிக்குப் பெல் அடித்தது. பாட்டிதான். மன்னார்குடி கதவைத் திறக்கப் போனபோது சமையலறையில் அவன் போனும் அடித்தது. குளிர்காலத்தில் ஊருக்கும் அங்கேக்கும் நாலரை மணி வித்தியாசம். மன்னார்குடியில் ராத்திரி இரண்டரை மணி. அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்னாலேயே விஷயம் தெரிந்துவிடும். பட்டுக்கோட்டை பாட்டை நிறுத்தினான். பாட்டி வாசலில் கடிகாரக் கையைத் தூக்கியபடி நின்றார். பிறகு கையை இறக்கிக்கொண்டு சத்தமில்லாமல் கீழே போய்விட்டார்.

மாரடைப்பு. அறுபத்தெட்டு வயது.

அரை மணி நேரத்தில் டிக்கெட் போட்டோம். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஞாயிறு முற்பகல் கிளம்பி, வளைகுடா வழியாகத் திங்கள் விடியற்காலை சென்னை. ஆயிரத்துச் சொச்சம் யூரோ. மூன்று பேர் கார்டில் பிரித்துப் போட்டது. கும்பகோணம் பெட்டி அடுக்கினான். சீர்காழி அவன் மேனேஜருக்கு மெயில் எழுதினான். அன்றைக்கு ஆப்பிள் ஜூஸ் பட்டுக்கோட்டை. 210 கிலோமீட்டர். விடிந்து போகலாம் என்றால் மன்னார்குடி கேட்கவில்லை, வீட்டில் உட்கார முடியவில்லை என்றான். நாலு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் அண்ணை. பின்னால் மன்னார்குடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கும்பகோணம்.

ஞாயிற்றுக்கிழமை லாரிகள் ஓடக் கூடாது என்பதால் சாலை காலியாகக் கிடந்தது. கார்ல்ஸ்ரூஹே தாண்டும்போது சித்தப்பா போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி... ஐஸ் பெட்டி வெச்சிருக்கோம். நாளைக்குப் பொங்கல். ஊர்ல எல்லாரும் இன்னிக்கே எடுத்துடணும்ங்கறாங்க. நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கணும்னா சொல்லு, நான் பேசிக்கிறேன். நீதான் மூத்தவன்."

அவன் சென்னையில் இறங்கி மன்னார்குடி போய்ச் சேரத் திங்கட்கிழமை பத்து பதினொன்று ஆகிவிடும். எங்களுக்கு வாயே வரவில்லை. பட்டுக்கோட்டை வேகத்தை நூறுக்குக் குறைத்து வலது பக்கம் ஒதுங்கினான். 180-ல் போகிறவன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு பார்க்கிங்கில் நிறுத்தினான். அண்ணை ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

"என்ர அம்மா எண்பத்தேழில போனவ. எனக்கு ஊருக்குப் போகப் பேப்பர் இல்லை. சண்டை வேற. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கடிதமே வந்தது. நீ நாளைக்கு அங்க நிப்பாய் தம்பி. குடி."

மன்னார்குடி டீயைக் குடித்தான். பிறகு என்னிடம், "அன்னிக்கு ஒரு சிலையைப் பத்திச் சொன்னியே. கையைப் பிடிச்சிக்கிட்டு இருக்காருன்னு. சரபோஜி. அவருக்கு எவ்வளவு தூரம்?" என்றான்.

"உள்ளூர்தான்" என்றேன்.

போனை எடுத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டான். "எடுத்துடுங்க சித்தப்பா. உங்க பையனைக் கொள்ளி வைக்கச் சொல்லுங்க. அப்பாவோட வாட்சைக் கழட்டி வெச்சுடுங்க" என்றான். அதற்கப்புறம் பிராங்க்ஃபர்ட் வரை பேசவில்லை.

ஊரில் மதியம் இரண்டு மணிக்கு எடுத்தார்கள். ஜெர்மனியில் காலை ஒன்பதரை. அவன் செக்யூரிட்டி தாண்டி உள்ளே போய்விட்டான். அவனுக்கு அங்கே வீடியோவில் காட்டினார்கள். அவன் அதே இணைப்பை எங்களுக்கும் அனுப்பியிருந்தான். நாங்கள் நாலு பேரும் கார் பார்க்கிங்கில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் போனில் பார்த்தோம். யாரோ சின்னப் பையன் போனைப் பிடித்திருந்தான். பாதி நேரம் தென்னை மரமும் வானமும்தான் தெரிந்தது. பறைச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் பனிச்சறுக்குக் கட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தது.

உறவுக்காரர்கள் இல்லாத ஊரில் சாவுச் செய்தி வந்தால் காரை எடுக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரை எங்கே பிடிப்பது? மாதத்துக்கு ஒரு தடவை கூடிக் கூத்தடித்துத்தான் பிடிக்க முடியும். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. பார்ட்டிக்குச் செலவாகிற காசை ஊருக்கு அனுப்பலாமே என்று சில பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எல்லாருக்கும் எதிர்வீட்டில் அண்ணன் இருக்கிறார்.

அவன் பால் தெளிக்குப் போய்ச் சேர்ந்தான். அப்பா அம்மா இறந்தால் கம்பெனியில் இரண்டு நாள்தான் தனி லீவு. மீதி அவனது வருஷ லீவில் போயிற்று. பதினாறாம் நாள் முடிந்தும் கிளம்ப முடியவில்லை. சம்பா அறுத்தாக வேண்டும். மெஷினை விட்டு அறுத்து, நேரடி கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று காயவைக்கச் சொல்லிவிட்டார்கள். கார் பிரேக்குக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன், மூன்று ராத்திரி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நெல்லுக்குக் காவல் படுத்திருந்தான். அங்கிருந்து எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான்: 'இங்கேயும் பத்து மணிக்கு மேல் சத்தமே இல்லடா.'

பிப்ரவரி கடைசியில் திரும்பி வந்தான். கணக்கு எழுதி வைத்திருந்தேன். டிக்கெட், பெட்ரோல், பார்க்கிங் எல்லாம். ஒரே தவணையில் கொடுத்துவிட்டான். பார்க்கிங்கில் ஆறு யூரோ கூட்டல் தப்பு என்று கண்டுபிடித்தது பட்டுக்கோட்டை, என் பி.காம். பட்டத்தைப் பற்றி அன்று பேசாதவர்கள் இல்லை. நிலத்தைச் சித்தப்பா மகனிடம் குத்தகைக்கு விட்டிருந்தான். அப்பாவின் வாட்ச் அவன் கையில் இருந்தது. ஊர் நேரத்திலேயே ஓடவிட்டிருந்தான்.

அவன் இல்லாத ஆறு வாரத்தில் அவனுக்கு ஒரு முறை படி துடைக்கும் வாரம் வந்திருக்க வேண்டும். அவன் கதவில் பலகை இல்லை. பாட்டி அதைக் கழற்றித் தன் கதவில் மாட்டிக்கொண்டு அவன் முறையையும் துடைத்திருந்தார். கதவிடுக்கில் கறுப்புக் கரை போட்ட அனுதாப அட்டை ஒன்று செருகியிருந்தது. அவன் ஒரு கிலோ புது அரிசியை எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பெல்லை அடித்தான். பாட்டி அரிசியை வாங்கிக்கொண்டார். எப்படி வேகவைப்பது என்று கேட்டு, பேப்பரில் எழுதிக்கொண்டார்: ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர்.

பலகையையும் மறக்காமல் அவன் கையில் கொடுத்தார். அந்த வாரம் அவன் முறை.